சிவப்பு வரிகளைக் கண்டு மூடிவிடாதீர்கள்

பைதன் படிக்கத் தொடங்கும் மாணவர்களில் பலர் நிரல் எழுத வராமல் நின்றுபோவதில்லை. அதற்கு முந்திய படியிலேயே நின்றுபோகிறார்கள். ஆசிரியர் சொன்னபடியோ காணொளியில் பார்த்தபடியோ ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டுகிறார்கள். கறுப்புத் திரையில் நாற்பது ஐம்பது வரிகள் சிவப்பாக ஓடுகின்றன. “இது நமக்கு ஒத்துவராது” என்று மடிக்கணினியை மூடிவிடுகிறார்கள்.

நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வீடு கிள்ளானில். ஞாயிற்றுக்கிழமைகளில் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்துபோவேன். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கும் டிப்ளோமா படிக்கும் சிலருக்கும் நண்பர்கள் நாங்கள் பைதன் சொல்லிக்கொடுக்கிறோம். முதல் வகுப்பில் பெரும்பகுதி நேரம் எதையாவது நிறுவுவதிலேயே போய்விடும். அண்ணனின் பழைய கணினி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அக்கா வேலை செய்யும் இடத்தில் கழித்துவிட்டது என்று ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு ரகம். ஒரே கட்டளை ஏழு கணினியில் ஏழு விதமாக விழும்.

நாங்கள் முதலில் நிறுவச் சொல்வது ‘ஓபன்-தமிழ்’ என்ற தொகுப்பை. முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் உருவாக்கிய திறந்த மூலத் தொகுப்பு அது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் ‘எழில்’ மொழியை உருவாக்கியவரும் இதே முத்து அண்ணாமலைதான். ஓபன்-தமிழ் எதற்கு என்று கேட்டால் ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘அம்மா’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதனைக் கேளுங்கள், ஐந்து என்னும். அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என்று தனித்தனியாக எண்ணிவிடுகிறது. ஓபன்-தமிழ் மூன்று என்று சரியாகச் சொல்லும். தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு, பைதனுக்கு இந்தத் தொகுப்பு வந்த பிறகுதான் தெரிகிறது.

இதை நிறுவும்போது வரும் சிக்கல்கள் வேறு எந்தத் தொகுப்புக்கும் வரக்கூடியவையே. பிப் என்பது தொகுப்புகளைக் கொண்டுவந்து வைக்கும் ஆள். ‘பைபிஐ’ என்பது அவை அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் பொதுக் கிடங்கு. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் பார்க்கவேண்டியது எங்கே தட்டினீர்கள் என்பதை. திரையில் மூன்று அம்புக்குறிகள் தெரிந்தால் நீங்கள் பைதனுக்குள் இருக்கிறீர்கள். அங்கே ‘பிப் இன்ஸ்டால்’ என்றால் பைதன் அதை ஒரு நிரல் வரியாக நினைத்து ‘சின்டாக்ஸ் எரர்’ என்று திருப்பிவிடும். வெளியே வந்து விண்டோஸ் கட்டளைத் திரையில் தட்டினால் வேலை முடிந்தது. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது கொஞ்சம் தந்திரமானது. “அக்கா, நிறுவியாச்சு, ‘சக்சஸ்ஃபுல்லி’ என்றும் வந்துச்சு. ஆனா நிரலை ஓட்டினா தொகுப்பே இல்லைங்குது.” எங்கள் வகுப்பில் அதிகம் கேட்ட புகார் இதுதான். கிள்ளானிலிருந்து என்னோடு வரும் படிவம் 5 தம்பி ஒருவனின் கணினியில் மூன்று பைதன்கள் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன அனகோண்டா ஒன்று, மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து இறங்கியது ஒன்று, அவனே பைதன் தளத்திலிருந்து இறக்கியது ஒன்று. பிப் ஒரு பைதனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. நிரலை ஓட்டியது வேறொரு பைதன். ஒரே தாமானில் மூன்று வீட்டுக்கும் ஒரே எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

விண்டோஸில் ‘பை -0’ என்று தட்டுங்கள். கணினிக்குத் தெரிந்த பைதன்கள் பட்டியலாக வரும். பிறகு வெறுமனே பிப் என்று அழைக்காமல் ‘பை -3.12 -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எந்தப் பைதனுக்கு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் ‘பைதன்3 -எம் பிப்’. ‘-எம் பிப்’ என்றால் ‘இந்தப் பைதனுடைய பிப்’ என்று பொருள். இந்த ஒரு பழக்கத்தால் பாதிப் புகார்கள் வராமலே போகும் என்பது என் அனுபவம். ‘பிப்’ என்ற கட்டளையே தெரியவில்லை என்று விண்டோஸ் கைவிரிக்கும்போதும் இது உதவும்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். ஓபன்-தமிழை நிறுவும்போது ‘ஓபன்-தமிழ்’ என்று தட்டவேண்டும். நிரலில் அழைக்கும்போது ‘இம்போர்ட் தமிழ்’ என்றுதான் எழுதவேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இருக்கும் பெயர் வேறு என்பது மாதிரி. படங்களைக் கையாளும் ‘சிவி2’ கிடங்கில் ‘ஓபன்சிவி-பைதன்’ என்ற பெயரில் இருக்கிறது. ‘பிஐஎல்’ அங்கே ‘பில்லோ’. இயந்திரக் கற்றலுக்கான ‘எஸ்கேலர்ன்’, ‘சைகிட்-லர்ன்’ என்ற பெயரில் இருக்கிறது. ‘எஸ்கேலர்ன்’ என்றே நிறுவப் பார்த்தால் சரியான பெயரைச் சொல்லி ஒரு பிழைச் செய்தி வரும்.

பெயரை ஊகித்துத் தட்டுவது மட்டும் வேண்டாம். கிடங்கில் யார் வேண்டுமானாலும் தொகுப்பு வைக்கலாம். 2017-இல் ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் பைபிஐயில் போலித் தொகுப்புகள் சிலவற்றைக் கண்டுபிடித்தது. புகழ்பெற்ற ‘யுஆர்எல்லிப்3’ தொகுப்பின் பெயரில் ஓர் ‘எல்’ குறைத்து வைத்திருந்தது அவற்றில் ஒன்று. எழுத்துப் பிழையோடு தட்டுபவர்களுக்காகவே விரித்த வலை. சில தொகுப்புகளை நிறுவும்போதே அவற்றுக்குள் இருக்கும் நிரல் உங்கள் கணினியில் ஓடும் என்பதால் ‘சும்மா போட்டுப் பார்ப்போம்’ என்பது இங்கே நல்லதல்ல. தொகுப்பின் சொந்தப் பக்கத்தில் உள்ள பெயரை நகலெடுத்து ஒட்டுங்கள்.

சிவப்பு எழுத்து நீளமாக ஓடுவது பெரும்பாலும் நான்காவது வகையில்தான். அதைப் புரிந்துகொள்ள, கிடங்கில் தொகுப்புகள் எந்த வடிவில் இருக்கின்றன என்று தெரியவேண்டும். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் மளிகைக் கடைக்குப் போனால் அரைத்த மசாலாத் தூள் பொட்டலமாகக் கிடைக்கும். முழு மல்லி, மிளகாய் என்றும் கிடைக்கும். அதை அரைக்க மில் வேண்டும். பைதனில் அரைத்துவைத்த பொட்டலத்துக்கு ‘வீல்’ என்று பெயர். (இது வண்டிச் சக்கரம் இல்லை, பாலாடைக்கட்டிச் சக்கரம். மான்டி பைதன் நகைச்சுவைக் குழுவின் பாலாடைக்கட்டிக் கடைக் காட்சியை நினைத்து பைபிஐக்கு ‘சீஸ் ஷாப்’ என்று செல்லப்பெயர் இருந்தது. பைதன் மொழியின் பெயரே அந்தக் குழுவிடமிருந்து வந்ததுதான்.) அரைக்காத சரக்கு, மூலநிரல் பொட்டலம்.

நம்பை, பாண்டாஸ் போன்ற தொகுப்புகளின் உள்ளே சி போன்ற மொழிகளில் எழுதிய பகுதிகள் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு பைதன் பதிப்புக்கும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி வீல் தேவை. பொருந்தும் வீல் இருந்தால் பிப் அதை எடுத்து வைத்துவிடும். ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் மூலநிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே அரைக்கப் பார்க்கும். மில் இல்லை. அப்போதுதான் ‘மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை’ என்ற புகழ்பெற்ற வரி வருகிறது. அதைக் கண்டதும் பலர் பல ஜிகாபைட் அளவுள்ள அந்தக் கருவிகளை இறக்கத் தொடங்குகிறார்கள், அதுவும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்! மாத டேட்டா ஒரே மாலையில் போய்விடும்.

பெரும்பாலும் அது தேவையே இல்லை. பைதனின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. ஆர்வத்தில் புத்தம்புதியதை இறக்கியிருப்பீர்கள். தொகுப்பை எழுதியவர்கள் அதற்கு வீல் செய்திருக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு பதிப்பு பழைய பைதனை நிறுவினால் அதே கட்டளை சத்தமில்லாமல் முடியும். பைபிஐயில் தொகுப்பின் பக்கத்துக்குப் போய் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். ‘சிபி312’ என்றிருந்தால் பைதன் 3.12-க்கு, ‘வின்_ஏஎம்டி64’ என்றிருந்தால் 64-பிட் விண்டோஸுக்கு என்று பொருள். நிறுவுவதற்கு முன் அரை நிமிடம் இதைப் பார்த்துவிடுங்கள்.

மூலநிரலும் இல்லாமல் வீல் மட்டுமே வெளியிடும் தொகுப்புகள் உண்டு. டென்சர்ஃப்ளோ அப்படிப்பட்டது. பொருந்தும் வீல் இல்லையென்றால் ‘நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்’ என்று வரும். அந்தத் தொகுப்பே உலகத்தில் இல்லை என்கிற மாதிரி தொனிக்கும். ‘உங்கள் பைதனுக்கு ஏற்றது இல்லை’ என்றுதான் படித்துக்கொள்ளவேண்டும். பழைய கணினிகளில் 32-பிட் பைதன் இருந்தாலும் இதே செய்திதான். டென்சர்ஃப்ளோவுக்கு 64-பிட் கட்டாயம்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: தொகுப்பு பழையது, பைதன் புதியது. பல ஆண்டுகளாகக் கூடவே வந்த ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பகுதியை 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். அதை நம்பி எழுதிய பழைய தொகுப்புகள் ‘டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை’ என்று விழுகின்றன. தமிழுக்காக யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதி, பிறகு வேலை, குடும்பம் என்று விட்டுப்போன தொகுப்புகளில் இதைப் பார்க்கலாம். அப்படிப்பட்டவற்றுக்கு 3.11-ஐத் தனியாக வைத்துக்கொள்வதுதான் சுலபம்.

சரி, நாற்பது வரியில் எதைப் படிப்பது? கடைசி வரியை என்று பொதுவாகச் சொல்வார்கள். பிப்பில் அது எப்போதும் பொருந்தாது. கடைசியில், இந்தப் பிழை துணைச் செயலிலிருந்து வந்தது, பிப்பின் சிக்கலாக இருக்க வாய்ப்பில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். ‘என் மேல் தப்பில்லை’ என்று பிப் கைகழுவுகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து மேலே போங்கள். ‘எரர்’ என்று முடியும் சொல்லும் அதன் பின்னே ஒரு முக்காற்புள்ளியும் இருக்கும் வரிதான் உண்மையான காரணம். மீதியெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த வழி.

இப்படி மேலே போய்ப் படித்ததில்தான் எனக்கு மிகவும் பிடித்த பிழை அகப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் ஒரு மாணவி, தமிழில் விளக்கக் கோப்பு எழுதியிருந்த ஒரு சிறு தொகுப்பை நிறுவ முயன்றாள். ‘யூனிகோட் டிகோட் எரர்’ என்று ஆரம்பித்து, ‘சார்மேப்’ முறையால் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று அந்த வரி சொன்னது. எத்தனை முறை முயன்றாலும் அதே 8டி. அது என்ன?

யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு ஈ0, ஏஎஃப், 8டி. ஆக, விண்டோஸால் படிக்க முடியாமல் நின்றது நம் புள்ளியில்! மலேசியாவில் விற்கும் விண்டோஸ் கணினிகள் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ அமைக்கப்பட்டிருந்தால் பழைய பாணிக் கோப்புகளுக்கு 1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. எந்த முறையில் படிப்பது என்று சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால் பைதனும் அதையே எடுத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. 8டி அவற்றில் ஒன்று. 81 இன்னொன்று, உகரக் குறியின் கடைசி பைட் அது.

இதில் ஒரு வேடிக்கை. ‘அம்மா’ என்று எழுதிய கோப்பு இந்தப் பிழையில் நிற்கும். ‘மாமா’ என்று மட்டும் எழுதிய கோப்பு நிற்காது. அதில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. பிழை எதுவும் காட்டாமல் கோணல் எழுத்துகளாக மாறி உள்ளே போய்விடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், நான் மாமாவைத்தான் சொல்வேன். சிவப்பு எழுத்தாவது ஏதோ தவறு என்று காட்டிக்கொடுக்கிறது.

தொகுப்பை எழுதியவர் லினக்ஸிலோ மேக்கிலோ எழுதியிருப்பார். அங்கே யுடிஎஃப்-8தான் வழக்கம் என்பதால் அவர் கணினியில் இந்தப் பிழை தோன்றியே இருக்காது. நாம் செய்யவேண்டியது சிறிய வேலை. விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘செட் பைதன்யுடிஎஃப்8=1’ என்று ஒரு வரி தட்டிவிட்டு அதே திரையில் மறுபடி நிறுவுங்கள். ‘பைதன்யுடிஎஃப்8’ முழுவதும் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கவேண்டும். உங்கள் சொந்த நிரலில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது ‘என்கோடிங்’ யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். பைதன் 3.15 முதல் இதையே இயல்பான முறையாக்க முடிவு செய்திருக்கிறார்கள்.

எங்கள் பெற்றோர் காலத்துக் கணினிகளில் இதன் மூத்த வடிவம் இருந்தது. டிஸ்கி, தாப், தாம் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை; ஒன்றில் எழுதியது மற்றொன்றில் கட்டங்களாகத் தெரியும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கியதும், தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரிலும் 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கூடியதும் தமிழைக் கணினியில் சரியாக உட்காரவைக்கும் பாடுகளின் ஒரு பகுதி. யூனிகோட் வந்து அது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். 8டி இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவின் புதிய பதிப்புகளில் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று பிப் மறுத்தால் அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. லினக்ஸ் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் பைதனில் நீங்கள் கைவைக்கக்கூடாது என்கிறது. அதை மீற ஒரு வழியையும் அந்தச் செய்தியே காட்டும். அந்த வழியின் பெயரிலேயே ‘பிரேக்’ என்ற சொல் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரி வைஃபையில் ‘டைம்ட் அவுட்’ என்று வந்தால் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயலுங்கள். எல்லாம் சரியாக நிறுவியும் ‘இம்போர்ட்’ மட்டும் விழுந்தால் உங்கள் கோப்பின் பெயரைப் பாருங்கள். நம்பை பழக எழுதிய நிரலுக்கு நம்பை என்றே பெயர் வைத்திருந்தால் பைதன் உங்கள் கோப்பைத்தான் முதலில் எடுக்கும்.

ஒவ்வொரு பாட வேலைக்கும் ‘வென்வ்’ என்ற தனிச் சூழல் உருவாக்குங்கள். ‘பை -எம் வென்வ் .வென்வ்’ என்று ஒரே வரிதான். ஒரு வேலைக்காக நிறுவியது இன்னொன்றைக் கெடுக்காது. குழம்பிப்போனால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அதை இயக்கும்போது பவர்ஷெல் ‘ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை’ என்று மறித்தால் பழைய கட்டளைத் திரையில் இயக்குங்கள். அங்கே அந்தத் தடை இல்லை.

“இவ்வளவு எதற்கு? கூகுள் கோலாப் இருக்கிறதே” என்று நண்பர்கள் கேட்பார்கள். உலாவியிலேயே எல்லாம் ஓடும். நாளை ஒப்படைக்கவேண்டிய வேலை என்றால் நானே கோலாபுக்குப் போகச் சொல்வேன். ஆனால் தமிழ்த் தொகுப்புகள் யாருடைய விண்டோஸ் கணினியில் விழுகின்றன என்பது விண்டோஸில் நிறுவிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அவற்றை எழுதுபவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் காதுக்கு அது எட்டாது.

எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. திரையைக் கைப்பேசியில் சாய்வாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு “வேலை செய்யல” என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்த விண்டோஸ், எந்தப் பைதன், தட்டிய கட்டளை, வந்த செய்தி முழுவதும், இவற்றை எழுத்தாக நகலெடுத்து அனுப்புங்கள். செய்தியில் உங்கள் பெயருள்ள கோப்புறை தெரிந்தால் அதை மட்டும் நீக்கிவிடலாம். அந்த 8டி மாணவி இப்படித்தான் ஒரு மாலை உட்கார்ந்து எழுதினாள். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதவேண்டுமே என்று தயங்கிக்கொண்டிருந்தவளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: தமிழ்த் தொகுப்பு அது, தமிழிலேயே எழுது, படிக்கிறவருக்குத் தெரியும்.